நீ கேட்ட உழுத்தங்களி

என் பிள்ளைக்கு,

இன்று காலை நீ போன் எடுத்தபோது நான் கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா போனைக் கொண்டுவந்து என் காதடியில் பிடித்தாள். “அப்பா, அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாறன். கொஞ்சம் கூட நாள் நிப்பன். உழுத்தங்களி கிண்டித் தருவியளோ?” என்று கேட்டாய். வாய்க்குள் நுரை போவதையும் பார்க்காமல் “ஓம் பிள்ளை, ஓம்” என்று நான் கத்தியது கனடாவுக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். நீ வைத்த பிறகும் நான் கிணற்றுக் கட்டிலேயே இருந்தேன். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டாள். சவர்க்காரம் என்றேன். அது பாதி உண்மை.

மற்றப் பாதியைப் போனில் சொல்ல எனக்கு ஏலாது. போனைக் கையில் எடுத்தால் எனக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: சாப்பிட்டியோ? அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு தெற்கே போய், சொந்தக்காரரின் மளிகைக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவன் நான். நிறுக்கத் தெரியும், பொட்டலம் கட்டத் தெரியும், எழுத்து அவ்வளவாக வராது. எழுத்துப் பிழை கண்டால் சிரித்துவிட்டுப் போ. இதை வேறு அப்பாமாரும் படித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் உன் பெயரை எங்கேயும் எழுதப் போவதில்லை. எங்கள் சுருவில் ஊரில் வெளிநாட்டில் ஒரு மகள் இல்லாத வீடு எது? யாராலும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது.

நீ பெரியபிள்ளையான நாட்களை நினைக்கிறேன். நான் கடையில் லீவு கேட்டுச் சடங்குக்கு வந்திருந்தேன். உழுந்து இடுப்புக்குப் பலம் என்று அம்மா உனக்குக் காலையும் மாலையும் களி கிண்டித் தந்தாள். உழுத்தம்மா, பனங்கட்டி, மேலே நல்லெண்ணெய் குளம் மாதிரி. நீ பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டாய். அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் போதும், யன்னல் கம்பிக்குள்ளால் கிண்ணம் வெளியே வரும். “அப்பா, கெதியா தின்னுங்கோ, அம்மா வாறா.” நான் வெளியே நின்று நக்கித் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தருவேன். உன் இடுப்புக்கென்று வைத்த களியெல்லாம் என் இடுப்புக்குத்தான் போனது. லீவு முடிந்து கடைக்குத் திரும்பினபோது என் காற்சட்டை பூட்டுப்படவில்லை. முதலாளி, “யாருக்கடா சடங்கு நடந்தது, மகளுக்கோ உனக்கோ?” என்று கேட்டார். பல வருடம் நான் இதைச் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

போன வருடம் நீ வருவதற்கு முதல் போனில் அதே களியைக் கேட்டாய். நான் நம்பவில்லை. நீ எங்கே இருந்தாலும் கீரையும் அப்பிளும் கடிக்கிற பிள்ளை. ஒரு பிட்டுக் குழலில் பாதியை ஒதுக்கி வைக்கிற பிள்ளை. வந்து இறங்கின அன்றே குசினிக்குள் வந்து, “அப்பா, எனக்கு நல்லா சாப்பாடு தாங்கோ, நான் கொஞ்சம் உடம்பு வைக்க வேணும்” என்றாய். இந்தச் சொல்லைக் கேட்கத்தானே நான் இவ்வளவு காலம் காத்திருந்தேன். அம்மாவுக்குத் தோள் நோவு என்பதால் களிச்சட்டியை நானே பிடித்தேன். விடிந்தால் ஊர்காவற்றுறைச் சந்தைக்குச் சைக்கிள். நண்டு, றால், கணவாய். வழியில் ஆட்டிறைச்சி. எள்ளுருண்டைக்கு எள்ளு. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சின்னராசாவை உனக்குத் தெரியும். கண்டால் விடமாட்டான்.

“என்ன அண்ணை, சைக்கிளில ஆட்டுக்கால் தொங்குது. மேளுக்கோ, மேளைச் சாட்டி உமக்கோ?”

“மேளுக்குத்தானடா. கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறாள். கன்னம் ரெண்டும் பொங்கி வருது, வந்து பார்.”

“அப்ப மாப்பிள்ளை பாக்கலாம் எண்டுறீர்.”

“முதல்ல சாப்பிடட்டும். பேந்து பாப்பம்.”

நான் சந்தியில் பேசியது உனக்குத் தெரியாது. என் மகள் சாப்பிடுகிறாள் என்று, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரிச் சொல்லித் திரிந்தேன். காலையில் நீ அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றி இடுப்பை அளப்பதைக் கண்டபோதும் என் மூளையில் ஒன்றும் ஓடவில்லை. சட்டை தைக்கப் போகிறாய் என்று நினைத்தேன். “அப்பா, வயித்தில கொஞ்சம் வைச்சிட்டுது என்ன?” என்று நீ கேட்டபோது, “ஓம், இப்பதான் என்ர பிள்ளை மாதிரி இருக்கிறாய்” என்று என் வண்டி வயிற்றைத் தட்டிக் காட்டினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இரண்டு பேருக்குமான சிரிப்பென்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு சிநேகிதிகளைப் பார்க்கப் போகிறேன் என்று கொழும்புக்குப் போனாய். திரும்பி வந்த வான் வண்டியில் நீ பின் சீற்றில் குப்புறப் படுத்திருந்தாய். பயணக் களை என்றாய். வீட்டில் கதிரையைக் கண்டால் ஒதுங்கினாய். நின்றபடி சாப்பிட்டாய், குப்புறப் படுத்தாய். உட்கார வேண்டி வந்தால் தொடைக்குக் கீழே தலையணையை மடித்து வைத்து, அடைக்கோழி முட்டைமேல் இறங்குவது மாதிரி இறங்கினாய். கொடியில் என் சாரத்துக்குக் கீழே ஒளித்து ஒரு கறுப்பு உடுப்புக் காய்ந்தது. கடற்காற்று சாரத்தைத் தூக்கிக் காட்டியது. கழுத்தில்லாத, கையில்லாத, இறப்பர் மாதிரி இறுகிய ஒரு சாமான். பக்கத்துச் சாட்டிக் கடலில் முங்கிச் சுழியோடப் பழகுகிறாயாக்கும் என்று நினைத்தேன். உட்கார முடியாததற்கோ நானே காரணம் கண்டுபிடித்தேன். கடையில் நாள் முழுக்க நின்று நின்று எனக்கும் வந்த வருத்தம்தான். பரியாரியிடம் போய் உனக்கென்று மருந்து வாங்கினேன். கருணைக்கிழங்குக் கறி வைத்தேன். மறுநாளும் வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் வைத்தேன்.

“அப்பா, ஏன் ஒவ்வொரு நாளும் கருணைக்கிழங்கு?”

“உன்ர வருத்தத்துக்குத்தான் பிள்ளை. வெக்கப்படாதை. பரம்பரையில இருக்கிறதுதான்.”

“எனக்கென்ன வருத்தம்?”

“மூலம்.”

நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “ஐயோ அப்பா, சிரிக்க வையாதேங்கோ, வயிறு நோகுது” என்று வயிற்றை இரண்டு கையாலும் பொத்தினாய். சிரித்துக் கண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, கண்ணீர் நிற்கவில்லை. “எனக்கு மூலம் இல்லையப்பா. நான் ஒப்பரேசன் செய்தனான்” என்றாய். என் கை அகப்பையை விட்டுவிட்டது. புற்றுநோயோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாய். “வடிவுக்கு” என்றாய்.

ஆறுதலாக விளங்கப்படுத்தினாய், பாவம், எட்டாம் வகுப்புக்காரனுக்கு ஏற்ற மாதிரி. இடுப்பெலும்புக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறதாம். வயிற்றில் இருக்கும் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி, கழிவை எடுத்துச் சுத்தமாக்கி, ஊசியால் அந்தப் பள்ளத்துக்குள் விட்டு நிரப்பி ஒப்பரவாக்குவார்களாம். அந்தக் கறுப்பு உடுப்பு, உறிஞ்சின இடம் வீங்காமல் இருக்கவாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. “அப்ப நான் தந்த சாப்பாடு?” நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “டொக்டர் முதலே சொன்னவர் அப்பா. உடம்பில எடுக்கிறதுக்குக் கொழுப்புக் காணாது, கொஞ்சம் வைச்சுக்கொண்டு வாங்கோ எண்டு.”

பிள்ளை, நான் வாழ்நாள் முழுக்கத் தராசுக்குப் பின்னால் நின்றவன். என்ன சாமான், எதற்கு வாங்குகிறார்கள் என்று வாடிக்கைக்காரரின் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். என் வீட்டுக் குசினிக்குள் என் கையாலேயே நிறுத்துக் கொடுத்தது எதற்கென்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நீ பசித்துச் சாப்பிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு எல்லாம் முதலே தெரிந்திருந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். “உங்களுக்குச் சொல்லுறதும் சரி, சின்னராசான்ர கடையில ஸ்பீக்கர் கட்டுறதும் சரி” என்றாள். அன்றைக்கு அவள் உன் அருகில் நின்று, சேலைக்கு மேலால் தன் இடுப்பின் பக்கத்தை அமத்திக் காட்டினாள். “எனக்கும் உதுதான் இருக்கு. என்ர வீட்டுப் பொம்பிளையள் எல்லாருக்கும் உதுதான். அந்தப் பள்ளத்திலதான் உன்னைத் தூக்கி வைச்சனான். அதில வைச்சாத்தான் நீ அழாமல் இருப்பாய்.” நான் நினைத்தேன், இத்தோடு எல்லாம் சரியாகிவிடும், நீ அம்மாவைக் கட்டிப்பிடிப்பாய், நான் போய்த் தேத்தண்ணி போடலாம் என்று. நீ அம்மாவின் இடுப்பை நெடுநேரம் பார்த்தாய். பிறகு, “உங்களில அது வடிவாத்தான் இருக்கம்மா. என்னில இல்லை” என்றாய். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஒருவனுக்காகச் செய்தாயோ என்று கேட்டேன். ஒருவன் சொல்லியிருந்தால், இந்த வயதிலும் அவனைத் தேடிப் போய் நாலு சொல்லுச் சொல்லுவேன், என் இங்கிலீசில் அவனுக்கு ஒன்றும் விளங்காது என்றாலும். “ஆருக்காகவும் இல்லையப்பா. எனக்காக” என்றாய். போனில் இருந்த உன் படத்தைக் காட்டினாய், அதில் வட்டம் போட்டிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டேன், கழற்றினேன், திரும்பப் போட்டேன். அரைக்கிலோவையும் அதில் ஒரு சிட்டிகை குறைந்ததையும் கண்ணால் பிரிக்கிறவனுக்கு அந்த வட்டத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. “இஞ்ச அப்பா, இஞ்ச பாருங்கோ” என்று விரல் வைத்தாய். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “உதைவிடப் பெரிய பள்ளம் எங்கட றோட்டில கிடக்குப் பிள்ளை, அதுக்குள்ளாலதானே நீ வானில வந்தனி” என்றேன். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். நீ போனை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். என்னிடம் இருந்த ஒரே மருந்து பகிடிதான் பிள்ளை. அது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நீ திரும்பிப் போய்ச் சில மாதங்களில் அது கரையத் தொடங்கிவிட்டது. ஒரு பங்கை உடம்பு திருப்பி எடுத்துவிடும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தாராம், அவரில் பிழை இல்லை. ஆனால் ஒரு பக்கம் கூடக் கரைந்துவிட்டது என்றாய். முன்னர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பள்ளமாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்றாய். அதற்குப் பிறகு வீடியோவில் உன் முகம் மட்டும் வந்தது. பிறகு முகமும் இல்லை, குரல் மட்டும். அங்கே நடந்த சித்தப்பாவின் மகளின் கலியாணத்துக்கு நீ போகவில்லை என்று வேறு ஆட்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வேலையால் வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நின்று என்ன செய்வாய் பிள்ளை? இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி. நான் இங்கே வேலிக்குப் பனையோலை கட்டும்போது அதுதான் நினைவு வருகிறது. என் பிள்ளை ஒரு அறைக்குள் தன்னைத்தானே நிறுத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், தட்டு ஒருநாளும் சமமாக நிற்பதில்லை.

ஒன்று உனக்குச் சொல்லவில்லை. குறிகட்டுவான் துறையில் லோஞ்சுப் படகு ஏறி நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனேன், உனக்காக நேர்ந்து உருவம் வைக்க. கோயிலடியில் வெள்ளித் தகட்டில் உருவம் விற்கிற பெடியனிடம் இடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். “கண் இருக்கு, கை இருக்கு, கால் இருக்கு, வயிறு இருக்கு. இடுப்பு எண்டு தனிய ஒருத்தரும் கேக்கிறேல்லை ஐயா. முதுகு நோவோ?” “அப்பிடித்தான் வைச்சுக்கொள்.” “அப்ப முழு ஆளா எடுங்கோ, எல்லாம் அதுக்குள்ள வந்திடும்.” முழுப் பெண் உருவம் ஒன்றை எடுத்தேன். தோளில் இருந்து பாதம்வரை பலகை மாதிரி நேராக வெட்டியிருந்தார்கள். அவளுக்கு இடுப்பே இல்லை. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, கவலையும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மனுக்கு முன்னால் நின்றேன். என்ன கேட்பது? அந்தப் பள்ளத்தை நிரப்பு தாயே என்று கேட்டால், அது பிழை என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும். அதை மறக்கச் செய் என்று கேட்டால், உன் நோவைப் பொய் என்று சொன்னதாகிவிடும். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஒன்றும் கேட்காமல் உருவத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வருகிற லோஞ்சில் ஒரு கிறுக்கு எண்ணம். அன்றைக்கு யன்னலுக்குள்ளால் வந்த களியை நான் தின்னாமல் விட்டிருந்தால்? எலும்பு அப்படி அமைவதற்கும் களிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நீ திரும்ப வருகிறாய். திருவிழாவுக்கு என்றாய். களி என்றாய். நீ சொல்லாததும் எனக்குக் கேட்டது. இம்முறை நான் சந்தியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. “என்ன அண்ணை, முகம் சரியில்லை?” என்று சின்னராசா கேட்டான். வெயில் என்றேன். அவன்கூட அதற்கு மேல் கேட்கவில்லை.

வேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன். அந்தச் சொல்லை எழுதிவிட்டு வெட்டினேன். களி தரமாட்டேன் என்று சொல்லலாம். நான் தராவிட்டால் நீ அங்கே கடையில் வாங்கித் தின்று கொழுத்துக்கொண்டு நேரே கொழும்புக்குப் போவாய். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இந்த ஒப்பரேசன் இல்லை என்றால் நீ ஊருக்கு வருவாயா? அதற்கு முதல் எத்தனையோ வருடம் வா வா என்று கூப்பிட்டோம். வேலை என்றாய், குளிர்கால லீவு இல்லை என்றாய். இந்தப் பள்ளம்தான் உன்னை எங்களிடம் கொண்டுவருகிறது. அதை நிரப்பாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரப்பு என்று சொல்லவும் வரவில்லை. அப்பா என்று இருந்து என்ன பயன்?

ஒன்றை மட்டும் கேட்கிறேன். சிநேகிதிகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியே போகாதே. போன முறை நீ மயக்க மருந்து தெளிந்து கண் திறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை என்று அம்மா சொன்னாள். அந்த நேரம் நான் சந்தியில் நின்று உன் கன்னத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பேன். இம்முறை நான் வருகிறேன். உள்ளே வரமாட்டேன், ஒன்றும் கேட்கமாட்டேன், பகிடியும் விடமாட்டேன். வெளியே ஒரு கதிரையில் இருப்பேன். டொக்டரைக் கண்டால் எழும்பி நிற்பேன். நீ போகாமல் விட்டால், அந்தக் கதிரையில் இருக்காமல் விடுகிற சந்தோசமும் எனக்கு இருக்கும். ஆனால் அதை நீ எனக்காகச் செய்யவேண்டாம். எனக்காகச் செய்தால் நீ திரும்பவும் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்பாய்.

மத்தியானம் அம்மா உழுந்துப் பேணியை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

“என்னத்துக்கு வாறாள் எண்டு தெரிஞ்சும் வறுக்கப் போறியளோ?”

“வேற என்னத்துக்கு வருவாள்?”

அவள் பேணியைத் திறந்தாள். உழுந்தைச் சுளகில் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

வறுத்துவிட்டேன். வீடு முழுக்க வாசம். நாளைக்குத் திரித்து அரித்துப் போத்தலில் போட்டு வைப்பேன், நீ வரும்வரை பழுதாகாது. நல்லெண்ணெயும் பனங்கட்டியும் வாங்க வேண்டும். நீ வா. கேட்கிற அளவு கிண்டித் தருவேன், நிறுக்க மாட்டேன். அதெல்லாம் எங்கே போகப் போகிறதோ அங்கே போகட்டும். ஆனால் பிள்ளை, அத்தனை களிக்குள்ளும் ஒரு வாயை மட்டும் இடுப்புக்கென்று இல்லாமல், டொக்டருக்கென்று இல்லாமல், சும்மா உன் பசிக்குச் சாப்பிடு. அது எந்த வாய் என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம். நான் பக்கத்தில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு வாயையும் அதுவென்றே நினைத்துக்கொள்வேன்.

அப்பா